மணிக்கூண்டுக்காரனுக்கு வாசித்த பேண்டு

மாலை ஆறு நாற்பதுக்கு மண்டபத்தின் விளக்குகளை அணைத்தார்கள். திரையில் முதலில் தெரிந்தது ஓர் ஏணி. ஏணிக்கு மேலே ஒரு பெரிய மணி. மணி ஆடியது, சத்தம் வரவில்லை. உடனே எங்கள் டிரம் மாமா பித்தளைத் தட்டில் குச்சியால் ஓங்கி ஒன்று போட்டார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர்கள் சேர்ந்து கட்டிய கல்யாண மண்டபம் அது. திரை என்றால் நான்கு வேட்டிகளை நீளவாக்கில் இணைத்துத் தைத்தது. கரைகளை உள்ளே மடித்துத்தான் தைத்திருந்தார்கள். ஆனாலும் வெளிச்சமான காட்சிகளில் ஒரு பச்சைக் கோடு நடிகர்களின் கழுத்துக்குக் குறுக்கே போனது. படம் ஜெர்மனியில், சினிமாவுக்குப் பேச்சு வராத காலத்தில் எடுத்தது. நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்து ஃபிலிம் சொசைட்டிகள் நினைவிருக்கும். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், கடன் வாங்கிய புரொஜெக்டர் ஒன்று, மதராசிலிருந்து ரயிலில் வரும் தகரப் பெட்டிகள். எங்கள் ஊர் புரொஜெக்டர், தறிக்குத் தார் நூல் சுற்றும் ராட்டைக்கு எண்ணெய் போடாவிட்டால் எப்படி இரையுமோ அப்படி இரையும். அதனால் அதை ‘ராட்டை’ என்றே எல்லோரும் சொன்னார்கள்.

எனக்குப் பத்து வயது. பெண்கள் பக்கம் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். திரைக்குக் கீழே நாற்காலிகளில் அப்பாவின் பேண்டு செட். அப்பா கிளாரினெட். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, சைடு டிரம். அவரை ஊரே டிரம் என்றுதான் கூப்பிட்டது. மற்றவர்கள் ட்ரம்பெட், பெரிய டிரம், ஊதுகுழல்கள். எல்லோரும் எங்கள் வேதக்கோயில் தெருக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பங்கள். எங்கள் தலைமுறைக்கு வந்தபோது ஒருவர் பஸ் டெப்போவில், ஒருவர் அச்சகத்தில், அப்பா சாயப் பட்டறையில்.

அப்பாவின் விரல்களைப் பார்த்தால் அந்த வாரம் ஊரில் எந்த நிறத்துக்கு ஆர்டர் அதிகம் என்று தெரிந்துவிடும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. கிளாரினெட்டின் வெள்ளிச் சாவிகளிலும் அந்த நிறங்கள் இடுக்குகளில் தங்கியிருக்கும். அம்மா பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். போகாது.

அந்த வருடம் எங்களுக்கு இருந்த ஒரே கவலை, தை மாதத்துக்குள் ஒரு பெரிய கல்யாணம் கிடைக்க வேண்டும் என்பது. காரணம் இது. கோடையில் ஊரில் மஞ்சள் காமாலை. வேறு செட்டுகள் மரண வீடுகளுக்கு வரத் தயங்கியபோது அப்பாவின் செட் போனது. கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போனது. பெரிய செட்டுகளில் கல்யாணத்துக்கு ஒரு கோட்டு, சாவுக்கு ஒரு கோட்டு இருக்கும். எங்களிடம் இருந்தது ஒரே கோட்டு. சிவப்பு, கைகளில் மஞ்சள் நாடா.

ஆனி மாதம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் பெண்ணின் பெரியம்மா அந்தக் கோட்டை அடையாளம் கண்டுகொண்டார்.

“இதே சட்டைதானே நேத்து அந்த வூட்டுப் பொணத்துக்கு முன்னாடி போச்சு?”

சண்டை எதுவும் நடக்கவில்லை. செட்டில் இருந்த எல்லோருக்கும் இலை போட்டு, பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். வாசிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த டிரம் மாமா, “சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா,” என்றார். அப்பா கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஆவணியில் யாரும் கூப்பிடவில்லை. ஐப்பசியிலும் இல்லை. ‘சாவு பேண்டு’ என்று பெயர் வந்துவிட்டது. ட்ரம்பெட்காரர் வேலூர் செட்டில் சேரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “தை வரைக்கும் பொறுத்துக்கப்பா. ஒரு பெரிய வூடு கூப்ட்டா போதும், மத்தவங்க பின்னாடியே வருவாங்க,” என்று அப்பா அவரை நிறுத்தி வைத்திருந்தார்.

பெரிய வீடு எது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ராஜ வீதியில் பட்டுக்கடை வைத்திருந்த முதலாளியின் மகளுக்குத் தையில் கல்யாணம்.

கார்த்திகை தொடக்கத்தில் பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். எங்கள் தெருவில் வெளியார் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“நாயனக்காரங்களைக் கேட்டேன். வர மாட்டேன்னுட்டாங்க. படத்துல ஒரு சாவு வருது. மங்கள வாத்தியம் அதுக்கு வாசிக்கக் கூடாதாம்.”

“அத்தொட்டு எங்ககிட்ட வந்தீங்களா சார்?” என்றார் டிரம் மாமா. “சாவுன்னா நாங்கதான்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது. உங்க காலேஜுக்கும் வந்துடுச்சா?”

“ஐயோ, அப்படி இல்லப்பா. அந்தக் காலத்துல இந்தப் படங்களுக்கு எதிர்லயே உக்காந்து வாசிப்பாங்க. அதே மாதிரி செய்யணும்னு ஆசை.”

அப்பா வேறொன்று கேட்டார். “படத்துல கல்யாணம் வருதா சார்?”

“வருது. முதல் ரீல்லயே வருது.”

“யார்லாம் பார்க்க வராங்க?”

பேராசிரியர் பெயர்களைச் சொன்னார். பட்டுக்கடை முதலாளி குடும்பத்தோடு வருகிறார், வயதான அப்பாவையும் அழைத்து வருகிறார், முன் வரிசை. அப்பா சரி என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

படத்தின் கதையை மதராசிலிருந்து வந்த ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்துப் பேராசிரியர் சொன்னார். ஓர் ஊரில் மணிக்கூண்டைப் பார்த்துக்கொள்பவன். கல்யாணம் செய்துகொள்கிறான். மனைவி ஆற்று வெள்ளத்தில் போய்விடுகிறாள். அவள் வழி கண்டு வருவதற்காக அவன் தினமும் மணி அடிக்கிறான். கடைசியில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி இறந்துபோகிறான். கடைசி ரீலை மட்டும் ஒரு மத்தியானம் கல்லூரிச் சுவரில் போட்டு அப்பாவுக்கும் டிரம் மாமாவுக்கும் காட்டினார்.

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்த வேகம் நினைவிருக்கிறது. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார்.

“கிழவன்மா. எம்பது இருக்கும். தலை, தாடி எல்லாம் பஞ்சு. ஏணியில ஏறி உக்காந்த மேனிக்குப் போயிட்டான். கல்யாண சாவு!”

கல்யாண சாவு என்றால் என்ன என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேரன் பேத்தி கண்டு, நிறைந்த வயதில் போகிறவருக்கு அழக் கூடாது. கல்யாணத்துக்கு வாசிக்கும் அதே துள்ளல் பாட்டுகளைத்தான் வாசிப்பார்கள். தெருவில் ஆடிக்கொண்டே போவார்கள். அப்பாவின் கணக்கு இதுதான்: பட்டுக்கடை முதலாளியின் முன்னால் ஒரு சோகப் பாட்டுக்கூட நம் செட்டிலிருந்து வரக் கூடாது. படத்தில் கல்யாணம், அதற்குக் கல்யாணப் பாட்டு. படத்தில் சாவு, அதற்கும் கல்யாணப் பாட்டு. முறையும் கெடாது, பெயரும் மாறும்.

“பேரன் பேத்தி இருக்குதா அந்தக் கிழவனுக்கு?” என்று அம்மா கேட்டார்.

“படத்துல காட்டல. இருக்கும்.”

பேராசிரியர் கடைசிக் காட்சிக்கு, எங்கள் கோயிலில் பாடும் மெதுவான ஞானப்பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். “பார்த்துக்கலாம் சார்,” என்று அப்பா பதில் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று மதுரைக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கோட்டு விஷயத்தை அம்மா எடுத்துக்கொண்டார். சிவப்பை மாற்றியே ஆக வேண்டும்.

“பட்டுக்குப் போடற சாயம் பருத்தியில நிக்காதுமா,” என்றார் அப்பா.

“ஒரு நாளைக்கு நின்னா போதும். நீ எடுத்துக்கினு வா.”

பட்டறையில் மிஞ்சிய நீலச் சாயம் வந்தது. பின்கட்டில் அண்டாவை ஏற்றிச் சிவப்புக் கோட்டுகளை ஒவ்வொன்றாக முக்கினார்கள். சிவப்பின் மேல் நீலம் ஏறிக் கத்திரிக்காய் நிறம் வந்தது. அதுவும் ஒரே அளவில் வரவில்லை. அப்பாவுடையது முற்றிய கத்திரிக்காய், டிரம் மாமாவுடையது பிஞ்சு. கார்த்திகை மழையில் அவை காயவும் இல்லை. படம் போட்ட அன்று ஈரத்தோடுதான் மாட்டிக்கொண்டு போனார்கள்.

மண்டபத்தில் நாற்காலி போடும்போது ஒரு தகராறு. அப்பா நாற்காலிகளை ஜனங்களைப் பார்த்துப் போட்டார். பேராசிரியர் ஓடி வந்தார்.

“திரும்பி உக்காருங்கப்பா. திரையைப் பார்க்காம எப்படி வாசிப்பீங்க?”

“எங்களுக்கு அப்படித்தான் சார் பழக்கம். பின்னாடி பொண்ணு மாப்பிள்ளை வருவாங்க, இல்லாங்காட்டி பொணம் வரும். நாங்க திரும்பிப் பார்க்க மாட்டோம். ஜனங்களுக்கு முதுகு காட்டி வாசிச்சா மரியாதையா?”

கடைசியில் பக்கவாட்டில் உட்காருவது என்று முடிவானது. இரண்டு மணி நேரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே வாசித்தார்கள். டிரம் மாமா அந்த வாரம் முழுவதும் ஒரு பக்கமாகவே நடந்தார்.

மழை விட்டும் விடாமலும் இருந்த நாள் அது. தெருவில் பாவு நூலை நீட்டிக் காயவைக்க முடியாது என்பதால் நெசவுக்காரர்களுக்கு வேலை இல்லை. மண்டபம் நிறைந்துவிட்டது. படத்தில் கல்யாணம் வந்ததும் அப்பா எடுத்த எடுப்பில் மண்டபத்தில் கால்கள் தாளம் போடத் தொடங்கின. பெண்கள் பக்கம் வேறு பேச்சு.

“வெள்ளையில கல்யாணமா? நல்லா இருக்குதுடி.”

“அவங்க ஊர் வழக்கம்.”

“முந்தானையை ரெண்டு பேர் தூக்கிக்கினு வராங்க பாரு. எத்தினி கஜம் இருக்கும்?”

“பின்னாடி மட்டுமே பத்து கஜம் தேறும். எந்தத் தறியில போட்டானோ.”

ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டார்கள். ஈரமும் வியர்வையும் சேர்ந்து கோட்டுகளின் சாயம் இறங்கியிருந்தது. அப்பாவின் கழுத்தில் ஊதா வாய்க்கால்கள். முன் வரிசையில் சாய்வு நாற்காலியோடு தூக்கிவந்து வைக்கப்பட்டிருந்த பெரியவர், முதலாளியின் அப்பா, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

“ஏம்பா, உன் கழுத்து ஏன் கத்திரிக்கா மாரி இருக்குது?”

“சாயம் பெரியவரே.”

“எந்தப் பட்டறை?”

அப்பா சொன்னார். “அங்க எப்பவும் இப்பிடித்தான்,” என்றார் பெரியவர். மண்டபம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். அம்மா என் கையை அழுத்தினார். இதுவரை எல்லாம் சரியாகப் போகிறது என்று அதற்குப் பொருள்.

நடுவில் ஓரிடத்தில் திரையில் நீண்ட எழுத்து அட்டை ஒன்று வந்தது. ஜெர்மன் எழுத்து, கொம்பும் வாலுமாக. அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, பேராசிரியர் உட்பட. அட்டை நகராமல் நின்றதால் டிரம் மாமா சும்மா இருக்கக் கூடாதென்று உருட்டி அடித்தார். அட்டை போனதும் அந்த மனிதன் வெள்ளைத் தலையோடு இருந்தான். வருடங்கள் ஓடிவிட்டன என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

கடைசி ரீல். வெள்ளைத் தலைக்காரன் ஏணியில் ஏறினான். கயிற்றைப் பிடித்தான். தலை சாய்ந்தது. மணி ஒரு முறை ஆடி நின்றது. அப்பா எழுந்து நின்றார், அதுவரை உட்கார்ந்துதான் வாசித்தார். கிளாரினெட்டை உயர்த்தி, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் கார் தெருமுனை திரும்பும்போது வாசிக்கும் துள்ளல் பாட்டை எடுத்தார். டிரம் மாமா சேர்ந்துகொண்டார். பெரிய டிரம் சேர்ந்துகொண்டது.

பேராசிரியர் புரொஜெக்டரை விட்டு இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நடுவழியில் ஓடி வந்தார். அவருடைய நிழல் மணிக்கூண்டின் மேல் விழுந்தது. அவர் தாளத்துக்கு ஆடுகிறார் என்று நினைத்து யாரோ விசில் அடித்தார்கள். அதற்குள் கதை ஊருக்குப் புரிந்துவிட்டிருந்தது. “கல்யாண சாவுபா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நெசவுக்காரர்கள் சிலர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் ஆடத் தொடங்கினார்கள். திரையில் அந்த ஊர் ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் பின்னால் நடந்துபோனார்கள். முன்னால் எங்கள் ஊர் ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் சுவரோரமாகப் போய் நின்றார். பெரியவர் சாய்வு நாற்காலியின் கையில் தாளம் போட்டார்.

நான் பிறகு எத்தனையோ கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். அப்பா அன்று வாசித்ததுபோல் நன்றாக வாசித்து அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை.

விளக்கு வந்ததும் பெரியவர் மகனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் உரக்கத்தான் பேசுவார்.

“டேய், எனக்கும் இவன்தான்டா வாசிக்கணும். இதே மாரி. சொல்லி வெச்சுடு.”

முதலாளி மேடையேறி அதை எல்லோருக்கும் திருப்பிச் சொன்னார். “எங்க அப்பா வாயால கேட்டுட்டார், அவருக்கு வேளை வரும்போது இந்த செட்தான்,” என்றார். மண்டபமே கை தட்டியது. அவர் மனசார மரியாதை செய்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அப்பா கைகூப்பி நின்றார். ஊதா நிறம் கையிலும் இருந்தது.

அம்மா கை தட்டவில்லை. “வா, போலாம்,” என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது டிரம் மாமா, “இன்னா மச்சான், ஆள் உசுரோட இருக்கசொல்லவே புக்கிங்,” என்றார். அப்பா சிரித்தார். “தையில பொண்ணு கல்யாணத்துக்கும் சொல்லுவாருடா. இந்த செட்தான்னு மேடையேறி வாயால சொன்னாரே.”

அடுத்த வாரம் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய்க் கேட்டார். முதலாளி அவரை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். முதலாளி சொன்னதை அப்பாவே வீட்டில் வந்து சொன்னார்:

“உன்னை எங்கப்பாவுக்குன்னு ஊரறிய சொல்லி வெச்சாச்சே. அவர் இருக்கசொல்ல அதே பேண்டைப் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி வுட்டா, பார்க்கறவங்க இன்னா நினைப்பாங்க? பொண்ணு வூட்டு வாசல்ல நிக்கறப்போ எனக்கே அப்பா ஞாபகம் வரும். தப்பா எடுத்துக்காதேப்பா.”

அப்பா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “அவர் சொல்றதும் நியாயம்தானே,” என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையில் அந்தக் கல்யாணத்துக்கு வேலூர் செட் வந்தது. வெள்ளைக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம். நாங்கள் தெருமுனையில் நின்று பார்த்தோம். எங்கள் ட்ரம்பெட்காரர் அதில் இரண்டாம் வரிசையில் வந்தார். அப்பாவைப் பார்த்ததும் ட்ரம்பெட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, மறுபடி தூக்கினார். “கிளாரினெட்காரன் நல்லா வாசிக்கிறான்,” என்று மட்டும் அப்பா சொன்னார்.

பிறகு சாவு வீடுகளிலிருந்து ஆள் வந்தது. நிறையவே வந்தது. பெரியவருக்குச் சொல்லி வைத்த பேண்டு என்ற பெயர் எங்களுக்கு முன்னால் போனது. கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. செட்டிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். கத்திரிக்காய்க் கோட்டுகளை அம்மா பிரித்துத் தலையணை உறையாகத் தைத்தார். எங்கள் கன்னங்களில் ஊதா ஒட்டியது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள்.

இந்த வருடம் சென்னையில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். குளிரூட்டிய அரங்கம், பெரிய பியானோ ஒன்று, வயலின் வாசிக்க வெளிநாட்டிலிருந்து வந்த இருவர். ஏணியும் மணியும் வந்தபோது பித்தளைத் தட்டின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. அந்த நீண்ட எழுத்து அட்டைக்குக் கீழே இப்போது ஆங்கிலம் ஓடியது. மனைவியை வெள்ளம் கொண்டுபோன இரவிலேயே அவன் தலை வெளுத்துவிட்டது என்று இருந்தது. கடைசிக் காட்சிக்கு முன்பு இன்னோர் அட்டை, அவனுக்கு முப்பத்தெட்டு வயது. வயலின்கள் நின்றன. பியானோ மட்டும் ஒரே சுரத்தை இடைவெளி விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏனாத்தூரில் மகன் வீட்டில் இருக்கும் டிரம் மாமாவைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

“முப்பத்தெட்டா?”

“ஆமா மாமா.”

“அப்போ அது கல்யாண சாவு இல்லியே.” அவருடைய விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளமில்லாமல் தட்டின. “தலை பஞ்சு மாரி இருந்துச்சும்மா. எங்களுக்கு இன்னா தெரியும்? பாவம், அவனுக்கு அன்னிக்கு யாருமே அழல.”

செட் கலைந்த பிறகும் அப்பா கிளாரினெட்டை விற்கவில்லை. வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் இரண்டு முறை வந்து கேட்டார். “ஒரு எடத்துல சொல்லி வெச்சிருக்காங்க. அது முடியட்டும்,” என்று அப்பா அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்து, சாவிகளுக்கு எண்ணெய் போட்டு, ஒரு முறை ஊதிப் பார்த்து மூடி வைப்பார்.

பெரியவர் அந்தப் படத்துக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.